உடம்பைத் தள்ளிவைக்கும் உபதேசம்

நற்செய்திக் கூட்ட மேடைகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பசித்தவனுக்குச் சோறு போட்டீர்கள், நோயாளிக்கு மருந்து கொடுத்தீர்கள், நல்லது. வயிறு நிறைந்து, உடம்பு தேறி, கடைசியில் அவன் நரகத்துக்குப் போனால் நீங்கள் செய்ததால் என்ன பயன்?" கூட்டம் அமைதியாகிவிடும். அதன்பிறகு வாதம் தானாகவே ஓடும். சோறு போட அரசாங்கம் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, ஊருக்கு ஊர் அறக்கட்டளைகள் இருக்கின்றன. ஆத்தும ஆதாயம் செய்யச் சபையை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆகவே ஆளும் பணமும் நேரமும் முதலில் பிரசங்கத்துக்கு. மிஞ்சினால் மற்றதற்கு.

இது ஏதோ ஒரு சிறு குழுவின் கருத்தாக இருந்தால் பதில் எழுத வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ. சேகரமானாலும் பெந்தெகொஸ்தே சபையானாலும், பக்தியுள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். தெருப் பிரசங்கமும் கன்வென்ஷனும் அவர்களுக்கு 'ஊழியம்'. மருத்துவமனையும் விடுதியும் முதியோர் இல்லமும் 'சமூக சேவை'. முன்னதைச் செய்கிறவர் தேவ மனிதர். பின்னதைச் செய்கிறவர் நல்ல மனிதர், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. வெயிலில் சைக்கிள் மிதித்து, கிராமம் கிராமமாகக் கைப்பிரதி கொடுத்து, ஏச்சும் பேச்சும் வாங்கியவர்கள் இவர்களிடையே உண்டு. மனிதனுக்குப் பாவமன்னிப்பு வேண்டும், கடவுளோடு ஒப்புரவு வேண்டும் என்று அவர்கள் நம்புவதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையிலிருந்து 'உடம்பு இரண்டாம்பட்சம்' என்ற முடிவுக்குப் போக வேதத்தில் வழி இல்லை. வேதம் அந்த வழியை அடைத்தே வைத்திருக்கிறது.

அவர்கள் கையில் இருப்பதிலேயே வலுவான பகுதி மாற்கு 2-ஆம் அதிகாரம். அதையே முதலில் பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்து நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு அவனுக்கு முதலில் கொடுத்தது பாவமன்னிப்பு. "பாருங்கள், ஆத்துமாதான் முதல்" என்பார்கள். சரி. ஆனால் மன்னிப்புப் பெற்றவனை அதே படுக்கையில், அதே நாலு பேர் தூக்கிக்கொண்டு திரும்பும்படி அவர் விடவில்லையே. எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு நடந்து போகச் சொன்னார். மன்னிப்பு மட்டும் போதும் என்றால் அந்தக் கதை 5-ஆம் வசனத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாற்கு 12-ஆம் வசனம் வரை எழுதியிருக்கிறார்.

உடனே ஒரு மறுவாதம் வரும். அந்தச் சுகம் தம் அதிகாரத்தை நிரூபிப்பதற்காக, அதாவது பிரசங்கத்துக்குத் துணையாகச் செய்தது என்பார்கள். அந்த இடத்தில் அப்படியே இருக்கட்டும். அப்படியானால் யவீருவின் மகள் கதையை என்ன செய்வது? பன்னிரண்டு வயதுப் பிள்ளை உயிரோடு எழுந்து நிற்கிறாள். பெற்றவர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள். நிரூபிப்பதுதான் நோக்கம் என்றால் அவளை வாசலில் கூடியிருந்த கூட்டத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். அவரோ யாருக்கும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகக் கட்டளையிட்டுவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றார். மரணத்தை வென்ற அந்த நேரத்திலும் அவருக்கு அந்தப் பிள்ளையின் பசி நினைவில் இருந்தது. அந்தச் சாப்பாட்டால் எந்தக் கோட்பாடும் நிரூபணமாகவில்லை. பிள்ளைக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் படுத்துக் கிடந்தவனை எடுத்துக்கொள்ளுங்கள். சுகமானவனுக்குத் தன்னைச் சுகமாக்கியது யார் என்றே தெரியாது என்று யோவான் எழுதுகிறார். பேரைக்கூடச் சொல்லாமல் செய்த உதவி அது. லூக்கா சொல்லும் பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன், அவனும் சமாரியன், திரும்பி வந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது பேரின் தோலுக்குக் குஷ்டம் திரும்பவில்லை. நன்றி சொல்லாதவனுக்கும், விசுவாசியாக மாறாதவனுக்கும் கொடுத்த சுகம் கொடுத்ததுதான். "அந்த ஒன்பது பேரும் நரகத்துக்குப் போனால் சுகமாக்கியதால் என்ன பயன்?" என்று மேடைக் கேள்வியை இயேசுவிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

அவர்கள் அடிக்கடி எடுக்கும் இன்னொரு வசனம், உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்தி ஆத்துமாவை நஷ்டப்படுத்துவதைப் பற்றியது. அது யாரிடம் சொன்னது என்று மத்தேயு 16-ஐத் திறந்து பார்க்க வேண்டும். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னே வர வேண்டியவர்களிடம், தன் உயிரைக் காத்துக்கொள்ள நினைக்கிறவர்களிடம் சொன்னது. என் பேராசையை எச்சரிக்கிற வசனத்தை எடுத்து, பக்கத்து வீட்டுக்காரனின் பசிக்குப் பதிலாகக் கொடுப்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அப்பத்தைப் பற்றிய வசனமும் அப்படியே. மனிதன் அப்பத்தினால் மட்டும் பிழைப்பதில்லை என்பதை இயேசு நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு தம் சொந்தப் பசிக்குப் பதிலாகச் சொன்னார். மூன்று நாள் தம்மோடு இருந்த ஜனங்களின் பசியைப் பார்த்தபோது அந்த வசனத்தைச் சொல்லவில்லை. பட்டினியாக அனுப்பினால் வழியில் சோர்ந்துபோவார்கள் என்று கவலைப்பட்டு, எத்தனை அப்பம் இருக்கிறது என்று கேட்டார்.

இந்தச் சண்டை நம் மண்ணில் புராட்டஸ்டண்ட் சபை பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்தார், பிரசங்கித்தார். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்தார், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் தங்குமிடமும் ஏற்பாடு செய்தார். இறந்துபோன ஒரு நாவிதரின் மனைவி கடன் வழக்கில் சிக்கியபோது அவள் பக்கம் நின்றார். அதனால் டேனிஷ் கவர்னரோடு ஏற்பட்ட மோதல் முற்றி, 1708-இன் கடைசியில் தொடங்கி நான்கு மாதம் சிறையில் இருந்தார். தமிழ்நாட்டின் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி கம்பி எண்ணியது பிரசங்கத்துக்காக மட்டும் இல்லை. ஒரு ஏழை விதவையின் நியாயமும் அதில் கலந்திருந்தது.

கோபன்ஹேகனில் அவர் பணியை மேற்பார்த்த மிஷன் சங்கத்தின் செயலராக இருந்த கிறிஸ்டியன் வெண்ட் இதை விரும்பவில்லை. மிஷனரி அப்போஸ்தலரைப் போல ஒன்றுமில்லாமல் போய்ப் பிரசங்கிக்க வேண்டும். பள்ளி, கட்டடம், பராமரிப்பு என்று வெளிக்காரியங்களில் காசையும் காலத்தையும் கரைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இன்றைய கன்வென்ஷன் மேடைக் கேள்வியை முந்நூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பாவில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர் அவர். சீகன்பால்கு கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: ஆத்துமாவுக்குச் செய்யும் பணியும் உடம்புக்குச் செய்யும் பணியும் ஒன்றோடொன்று பின்னியவை, உடம்பின் தேவையைத் தொடாமல் ஆத்துமாவுக்கு மட்டும் ஊழியம் செய்ய முடியாது. படித்த இறையியலிலிருந்து மட்டும் வந்த பதில் இல்லை இது. தரங்கம்பாடித் தெருக்களில் நடந்தவருக்கு வேறு மாதிரி சொல்ல வாய் வராது. கண்டிப்பும் குற்றச்சாட்டும் நிறைந்த கடிதங்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1719 பிப்ரவரி 23 அன்று, நாற்பது வயதைத் தொடாமல் அவர் இறந்துபோனார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் என்று ஆண்டுதோறும் அவரைக் கொண்டாடுகிறோம். அவர் எதற்காக மேலதிகாரியோடு வாதாடினார் என்பதை மட்டும் மேடையில் சொல்வதில்லை.

ஆகவே 'ஆத்துமா மட்டும்' என்பதுதான் பழைய, கலப்படமில்லாத விசுவாசம், உடம்பைப் பற்றிய அக்கறை பின்னால் வந்த தாராளவாதம் என்ற எண்ணம் வரலாற்றுக்கு முன் நிற்காது. 4-ஆம் நூற்றாண்டில் செசரியா நகரின் பேராயர் பசிலியார் நோயாளிகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பையே கட்டினார். கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியான் 362-இல் எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்களே என்று பொருமினான். ஜான் வெஸ்லி 1747-இல் ஏழைகளுக்காக மருத்துவக் கையேடு வெளியிட்டார். உடம்பையும் ஆத்துமாவையும் எதிரெதிராக நிறுத்தும் பழக்கம் பெரிதாக வேரூன்றியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் 'சமூக நற்செய்தி' பேசியவர்களுக்கும் அவர்களை எதிர்த்த பழமைவாதிகளுக்கும் நடந்த சண்டையில். அந்த வீட்டுச் சண்டையில் ஒரு பக்கத்தை நாம் இறக்குமதி செய்து, அதற்கு வேத ஞானம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். அந்தப் பக்கத்தாரே 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பில்லி கிரஹாம் கூட்டிய மாநாட்டில் கூடி, சுவிசேஷ அறிவிப்பையும் சமூக அக்கறையையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று கருதிவந்ததற்காக மனம் வருந்துவதாக உடன்படிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதே உடன்படிக்கை சபையின் பணியில் சுவிசேஷ அறிவிப்பே முதன்மை என்றும் சொல்கிறது என்று யாராவது எடுத்துக்காட்டலாம். சொல்கிறதுதான். எண்ணத்தில் முதன்மை கொடுப்பது வேறு, பசித்தவன் முன்னால் வரிசை போடுவது வேறு.

மூழ்கும் கப்பல் உவமையையும் இங்கேயே முடித்துவிடலாம். உலகம் உடைந்த கப்பல், நம் கையில் ஒரு படகு, முடிந்தவரை ஆட்களை ஏற்று என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிரசங்கியார் மூடியின் படிமம். படகில் ஏற்றப்பட்டவன் குளிரில் நடுங்கினால் அவனுக்குக் கம்பளி கொடுப்போமா, மாட்டோமா என்று அந்தப் படிமம் கேட்பதில்லை. உலகமும் சும்மா மூழ்கவிடும் மரக்கலம் இல்லை. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடம்பில் ஆணித் தழும்பு இருந்தது, அவர் பொரித்த மீன் சாப்பிட்டார், கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீடருக்குக் காலைச் சாப்பாடு தயாராக வைத்திருந்தார். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுகிறோம். ஆத்துமா பறந்துபோய் உடம்பு குப்பையாகிவிடும் என்று நம்பும் மதங்கள் உலகில் இருக்கலாம். நம்முடையது அப்படிப்பட்டது இல்லை.

இனி வெளியிலிருந்து வரும் குற்றச்சாட்டு. மிஷன் மருத்துவமனையும் பள்ளியும் மதமாற்றத்துக்கான தூண்டில், பஞ்சகாலத்துக் கஞ்சித்தொட்டியில் சேர்ந்தவர்கள் அரிசிக் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டுக்கும் நம் மேடைப் பேச்சுக்கும் அடித்தளம் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு தூண்டில் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆத்தும அறுவடைக்கு உதவாத ஆஸ்பத்திரியால் பயனில்லை என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பழியாகச் சொல்வதை இவர்கள் கொள்கையாகவே சொல்கிறார்கள். "வைத்தியம் சுவிசேஷத்துக்கு வாசல்" என்று பெருமையாக எழுதும் ஒவ்வொரு மிஷன் அறிக்கையும் எதிராளியின் வழக்குக்குச் சாட்சி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் ஓங்கோலில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் என்ன செய்தார் என்று பார்க்கலாம். பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் நீளத்தைத் தோண்டும் ஒப்பந்தத்தை அரசிடம் எடுத்து, பட்டினியால் வந்த ஆயிரக்கணக்கானோருக்கு மண்வெட்டி வேலையும் கூலியும் கொடுத்தார். வேலை முடிந்த நேரங்களில் பிரசங்கமும் நடந்தது. ஞானஸ்நானம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. கஞ்சிக்காக வந்தான் என்ற பேச்சு அவர்கள் மேல் விழக்கூடாது என்று ஓராண்டுக்கும் மேலாக ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்தார். பஞ்ச வேலை முடிந்து, கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாத பிறகு, 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது.

இதையும் "எப்படியானாலும் பஞ்சம்தானே காரணம்" என்று தள்ளுபவர்கள் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் மாதிகர்கள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். தான் சாகக் கிடந்தபோது யார் பக்கத்தில் நின்றார்கள், யார் முகம் திருப்பிக்கொண்டார்கள் என்று பார்த்து, நிதானமாக ஒரு முடிவுக்கு வர ஒரு மாதிகருக்கு மூளை இல்லையா? ஜமீன்தார் தன் மதத்தைத் தேர்ந்தால் தத்துவம், ஏழை தேர்ந்தால் அரிசி என்று சொல்வது அந்த ஏழையைத்தான் இழிவுபடுத்துகிறது. கிளவ் சோற்றையும் ஞானஸ்நானத்தையும் ஒன்றுக்கொன்று விலையாக்கவில்லை. இரண்டையும் முழு மனதோடு, தனித்தனியாகக் கொடுத்தார்.

ஆதாயம் எதுவும் கிடைக்காத இடத்திலும் உழைத்தவர்கள் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவைச் சிகிச்சையும் தமிழ்ப் புத்தகங்களாக வரும்படி வருடக்கணக்கில் உழைத்தார். எலும்பின் பெயரையும் நரம்பின் பெயரையும் தமிழில் எழுதுவதால் எந்த ஆத்துமாவும் சபைப் பதிவேட்டில் ஏறாது. ஆனால் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது. அவர் தம் வேலையை இரண்டாகப் பார்க்கவில்லை.

வேலூர் மிஷன் மருத்துவமனையையும் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையையும் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். பால் பிராண்டின் கதையில்தான் இந்த விவாதத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1946-இல் எலும்பு அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவன் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை. முடமாய்ப் போன கை என்று ஊரே ஒதுக்கிய கைக்குள் நல்ல தசை உயிரோடு இருந்தது. அதிலிருந்துதான் தசைநாரை இடம் மாற்றிக் கட்டி விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை பிறந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் தொழுநோயாளிகளுக்காக ஜெபித்திருப்பார்கள். ஒருவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கிற வரைக்கும் அந்தத் தசை இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து அவர் கண்டது இன்னும் முக்கியம். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் நோயாளிகளே தங்கள் கைகால்களை இழக்கிறார்கள். அவர் நோயாளிகளுக்கு இரவில் விரல் துண்டுகள் காணாமல் போவதன் காரணம் தெரியாமல் இருந்தது. ஓர் இரவு விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவனின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. அதற்குப் பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள். இதை ஆத்தும ஆதாயம் செய்கிறவர் எந்தக் கணக்கில் வைப்பார்? கடவுள் தந்த விரலை எலிக்குப் பறிகொடுக்கும் ஒருவனை நேசிக்க, அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருந்த வழி ஒரு பூனைதான்.

உடம்போடு நின்றுவிடவும் முடியவில்லை என்பதை வேலூரில் இருந்தவர்கள் சீக்கிரமே கண்டார்கள். விரல் நிமிர்ந்த மனிதன் ஊருக்குத் திரும்பினால் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. நல்ல கையாகிவிட்டதால் பிச்சையும் விழவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை. சாபம் பிடித்தவன் என்று தன்னைப் பற்றிப் பல வருடம் கேட்டதை அவனே நம்பிவிட்டிருந்தான். அதனால் அவர்கள் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் சொல்லிக்கொடுத்தார்கள். தங்களோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள். நீ கடவுளின் சாயல் என்று சொன்னார்கள். கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அந்த அறைக்குள் எது சரீரத் தேவை, எது ஆவிக்குரிய தேவை என்று பிரித்துக்காட்ட யாராலும் முடிந்திருக்காது. உடம்பை மட்டும் பார்க்கும் மருத்துவமும் பாதி வேலைதான் என்று நான் நம்புகிறேன். மன்னிக்கப்பட வேண்டிய குற்ற உணர்வோடு, கடவுள் தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணத்தோடு படுத்திருப்பவரிடம் மாத்திரைச் சீட்டை மட்டும் நீட்டுவது அன்பாகாது.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் எனக்குச் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். சர்க்கரை நோய் உள்ள ஒரு மூதாட்டி காலில் துணி சுற்றி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும்போது இந்தப் பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆச்சி, அந்தத் துணிய அவுத்துப் பாக்கட்டா?"

"எதுக்கு தாயி? வலிக்கவே இல்ல. ஐயரு ஜெபம் பண்ணிட்டாரு, ஆறிரும்."

"வலிக்கலன்னா அதுதான் ஆச்சி எனக்குப் பயம்."

துணிக்குக் கீழே பாதத்தில் சீமைக்கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது. முள் குத்தி எத்தனை நாள் ஆனது என்று ஆச்சிக்கே தெரியாது. அன்றிரவே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது. தொழுநோயாளிகளின் பாதங்களில் பிராண்ட் கற்ற அதே பாடம் பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது. வலி தெரியாத காலைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். பிறகு வாரக்கணக்கில் அந்தப் பெண் ஆச்சி வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினார். மாற்றும்போது ஆச்சி சங்கீதம் வாசிக்கச் சொல்வார்; வாசிப்பார். அவர் தைலமும் பஞ்சும் எடுத்த நிமிடம் சமூக சேவை, வேதப் புத்தகத்தைத் திறந்த நிமிடம் ஊழியம் என்று கோடு போட யாருக்குத் துணிச்சல் வரும்?

இன்னும் இரண்டு வசனங்களுக்குப் பதில் பாக்கி. தேவ வசனத்தை விட்டுப் பந்தி விசாரிப்பது தகுதியல்ல என்று அப்போஸ்தலர்களே சொன்னார்களே என்று அப்போஸ்தலர் 6-ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்க வேண்டும். கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள் என்ற முறையீடு வந்தபோது, அது ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சோறு பரிமாற அவர்கள் வைத்த தகுதி, பரிசுத்த ஆவி நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது. தலையில் கைவைத்து ஜெபித்து அந்த வேலைக்கு நியமித்தார்கள். அந்த ஏழு பேரில் ஸ்தேவான் முதல் இரத்தசாட்சி. அந்தப் புத்தகத்திலேயே நீண்ட பிரசங்கம் அவருடையது. பிலிப்பு சமாரியாவுக்கும் எத்தியோப்பிய மந்திரிக்கும் சுவிசேஷம் கொண்டுபோனவர். பந்தி விசாரித்ததால் அவர்கள் வாயடைத்துப் போகவில்லை.

தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருப்பார்கள் என்று இயேசுவே சொன்னாரே என்பது கடைசி ஆயுதம். அந்தச் சொல் உபாகமம் 15-இலிருந்து வருவது. தேசத்தில் எளியவர்கள் எப்போதும் இருப்பார்கள், ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திறக்க வேண்டும் என்பதே அந்த வசனத்தின் கட்டளை. முன்பாதியை மட்டும் சொல்லிப் பின்பாதியை விழுங்கிவிட்டு, ஏழ்மையை நிரந்தரமாக ஒதுக்கிவைக்க இயேசுவின் பெயரைப் பயன்படுத்துகிறோம். கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்குப் பின்பாதி மனப்பாடம். அதனால் அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வரும் ஆண்டுக்கான பட்ஜெட் சேகரக் கமிட்டிகளில் விரைவில் மேசைக்கு வரும். நற்செய்திப் பணி, சமூக சேவை என்று இரண்டு தலைப்புகளும் வழக்கம்போல் இருக்கும். பந்தல், மைக், செய்தியாளர் பயணம், நோட்டீஸ் எல்லாம் முதல் தலைப்பின் கீழ் வரும். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். சேகரத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் பணம் இல்லாமல் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகிறவர்கள், கணவனை இழந்து வட்டிக்கு வாங்கியவர்கள், நம் சபையைச் சேராத அண்டை வீட்டார் உட்பட, பெயர் பெயராகக் கொண்ட ஒரு பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். இரண்டு தலைப்புகளையும் அடித்து 'ஊழியம்' என்று ஒரே தலைப்பு எழுதச் சொல்லுங்கள். பந்தலையும் அந்தப் பட்டியலையும் அதன் கீழே பக்கம் பக்கமாக வைத்து, தொகையை அதற்குப் பிறகு எழுதட்டும்.